எருமையும் இடியன் துவக்கும்: வேட்டை அறம் பற்றிய ஒரு நோக்கு

பதுளைக்கு அண்மையிலுள்ள ஸ்பிரிங்வெளியில் இன்று தேயிலைச் சரிவுகளே கண்ணிற் படுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஊவா மலைகளைப் பெருங்காடுகள் மூடியிருந்தன. கோப்பிக்காகக் காடு அழிக்கப்பட்ட அக்காலமே வெள்ளையரின் வேட்டை உச்சமடைந்த காலமுமாகும். பதுளையில் ஆட்சிப் பொறுப்பிலிருந்த மேஜர் றொஜர்ஸ் 1400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார் என்பர். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் மாண்டார். 1848இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர், மின்னேரியாக் குளக்கரையில் தாம் ஆடிய எருமை வேட்டையைத் தமது நூலிற் பெருமையுடன் விவரித்துள்ளார். குண்டுகள் தீர்ந்த வேளையில் சில்லறை நாணயங்களைத் துணியிற் சுற்றித் துவக்கிலிட்டுச் சுட்டதாகவும் அதிற் கூறுகிறார்.

இத்தகைய வேட்டையை நியாயமான போட்டி என வாதிடுவோர் இன்றும் உளர். அவ்வாதம் முற்றாகப் புறக்கணிக்கத்தக்கதன்று. இடியன் துவக்கில் வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியன கலந்த மருந்தைக் குழலின் வாய்வழியே இட்டு, குண்டை வைத்து, கோலால் இடித்து இறுக்க வேண்டும். வெடித்ததும் புகை கண்ணை மறைக்கும். மீண்டும் மருந்திடுமுன் காயமுற்ற எருமை பாய்ந்துவிடும். ஆகவே வேடன் தன் உயிரையும் பணயம் வைக்கிறான். இருவர்க்கும் வாய்ப்புச் சமம் என்பதே அவர் கூற்று.

ஆயின் பணயம் வைத்தவர் யார்? மனிதன் விரும்பிக் களம் புகுந்தான். எருமையோ நீர் அருந்த வந்தது. ஒருவர் மட்டுமே உடன்பட்டது போட்டியாகாது. மேலும், ஒற்றை வெடி பிழைத்தால் வேடனுக்கு நேர்வது ஏமாற்றம் அல்லது ஆபத்து. விலங்குக்கு நேர்வதோ புண்ணோடு புதரிற் கிடந்து சாகும் நெடிய வேதனை. துணிவு வேறு, நீதி வேறு. வெள்ளத்தை நீந்திக் கடந்து களவாடுபவனும் துணிவுடையவனே. அதனாற் களவு அறமாகிவிடாது.

அங்ஙனமாயின் வேட்டை முழுவதும் பாவமோ? குறிஞ்சி நில மரபு அவ்வாறு கருதவில்லை. ஊவாவின் கதிர்காமத்தில் முருகன் மணந்த வள்ளி வேடர்குலக் கொடியே, கண்ணப்பரும் வேடரே. பசிக்காக வேட்டையாடுபவனுக்கு ஓர் எல்லை உண்டு. வயிறு நிறைந்ததும் அவன் வில் ஓயும். புகழுக்காக வேட்டையாடுபவனுக்கு அவ்வெல்லை இல்லை. 1400 என்னும் எண் அதற்குச் சான்று.

எனினும் தேவை ஒன்றே அனைத்தையும் நியாயப்படுத்திவிடாது. தோட்டத்தின் ஓரத்தில் மரக்கறி பயிரிடும் ஏழையின் உழைப்பைக் காட்டுப்பன்றி ஓரிரவில் அழித்துவிடுகிறது. அவன் நட்டம் மெய்யானது. ஆனால் பாதையின் குறுக்கே கயிறு கட்டி அவன் பொருத்திவைக்கும் துவக்குக்குக் கண் இல்லை. பன்றிக்கு வைத்தது மானையும் சிறுத்தையையும், விறகு பொறுக்கச் செல்லும் பெண்ணின் காலையும் பிளக்கும். ஆதலின் தேவையோடு பொறுப்பும் இணைதல் வேண்டும். யாரைச் சுடுகிறோம் என்று காணாமற் சுடுபவன், தன் தேவையின் சுமையைப் பிறர் தலையில் ஏற்றுகிறான்.

1818 ஊவாக் கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலப் படை வயல்களை எரித்ததோடு கால்நடைகளையும் அழித்தது. உழவும் சூடடிப்பும் எருமையை நம்பியிருந்த நாட்டில், அது மக்களின் சோற்றில் விழுந்த அடியாயிற்று. உழவனுக்கு எருமை துணை. படைக்கு அது பகைவனின் உடைமை. துரைக்கு அதன் காட்டினம் வேட்டைப்பொருள். உயிர் ஒன்றே, பெயரிட்டவரின் பயனே வேறுபட்டது. தமிழகத்திலிருந்து நடந்து வந்து மலையேறிய மக்களைக் ‘கூலி’ என்னும் ஒரு சொல்லில் அடக்கிய காலமும் இதுவேயாம். ஓர் உயிரை அதன் பயனால் மட்டும் பெயரிட்டழைத்தால், அதன் வலியை மறத்தல் எளிதாகிவிடுகிறது. மலையக மக்களின் வழித்தோன்றல்கள் இவ்வுண்மையை ஏட்டிற் படித்தறிய வேண்டியதில்லை.

எனவே வேட்டையின் அறத்தைத் துவக்கின் பழமையோ வேடனின் வீரமோ தீர்மானிப்பதில்லை. விசையை அழுத்துமுன், எதிரே நிற்பது வாழ விரும்பும் ஓர் உயிர் என்பதை அவன் உணர்ந்தானா, உணர்ந்தபின்னும் கொல்ல வேண்டிய தேவை எஞ்சி நிற்கிறதா என்பவையே அதனைத் தீர்மானிக்கும்.