தோற்கச் சம்மதித்தவன்

பழனிக்குப் படியேறுகிற பக்தர்கள் அத்தனை பேரும் ஒரு குஸ்தி நடந்த களத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். அவர்கள் அதை அப்படி நினைப்பதில்லை, அவ்வளவுதான். அகத்தியர் சொற்படி சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு குன்றுகளைக் காவடியாகக் கட்டித் தோளில் சுமந்துவந்த இடும்பன், ஆவினன்குடிக்கு அருகே சற்று இளைப்பாற இறக்கிவைத்தான். மறுபடி தூக்கப் பார்த்தால் குன்று அசையவில்லை. மேலே கோவணமும் தண்டுமாக ஒரு சிறு பையன் நின்றுகொண்டு, "இது என் மலை" என்கிறான். மலையைத் தூக்கி வந்த பயில்வானுக்குக் கோபம் வராமல் இருக்குமா? பாய்ந்தான், விழுந்தான், உயிரும் போயிற்று. பிறகு மனைவியின் வேண்டுதலால் அது திரும்பக் கிடைத்தது.

இந்தச் சண்டையின் முடிவு தெரியாமல் யாரும் மலையேறுவதில்லை. "அந்தப் பக்கம் முருகன், இந்தப் பக்கம் ஓர் அசுரன், இது நியாயமான ஜோடியா?" என்று கேட்டவரையும் நான் கண்டதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படிவழியிலே இடும்பனுக்குச் சந்நிதி இருக்கிறது. அவனைக் கும்பிட்டுவிட்டு மேலே போவதுதான் முறை. ஜெயித்தவரைப் பார்ப்பதற்கு முன்னால் தோற்றவனுக்கு ஒரு கும்பிடு! ஜெயித்தவரும் எப்போதும் ஜெயித்தவர் என்று சொல்வதற்கில்லை. மாம்பழப் போட்டியில் தோற்று, அது அநியாயமான தோல்வி என்று கோபித்துக்கொண்டு வந்து நின்ற இடந்தானே அந்த மலை?

இந்த யோசனைகள் எனக்குத் தோன்றியது பழனியில் அல்ல. பழனியிலிருந்து மலைப்பாதையில் ஏறிக் கொடைக்கானலையும் தாண்டிப் போனால் பூம்பாறை. குழந்தை வேலப்பர் கோயிலும் படிப்படியான பூண்டு வயல்களும் உள்ள ஊர். அங்கே மலைப்பூண்டு வியாபாரம் செய்யும் ஒருவரோடு, மழைக்கு ஒதுங்கிய இடத்தில், ஒரு மாலைப் பொழுது முழுவதும் பேசிக்கொண்டிருக்க நேர்ந்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும். விலை, உரம், லாரி வாடகை என்று போய்க்கொண்டிருந்த பேச்சு எப்படியோ மல்யுத்தத்துக்குத் திரும்பியது. அதன்பிறகு பூண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவர் சிறு வயதில், 1990களில், கேபிள் டெலிவிஷன் வழியாக அமெரிக்க மல்யுத்தம் மலைக்கு வந்து சேர்ந்தது. அதோடு சீட்டுக் கட்டும் வந்தது. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பயில்வானின் படம், உயரம், எடை, மார்பளவு, புயத்தளவு, எத்தனை சண்டை, எத்தனை வெற்றி. தமிழ்நாட்டில் அந்த வயதுப் பையன்கள் பலருக்கு இந்தக் கணக்குகள் வாய்ப்பாட்டைவிட நன்றாகத் தெரியும். என் நண்பர் மட்டும் ஒரு மாதிரி ரசிகர். "யாரு ஜெயிச்சான்கிறது சீட்டுலயே இருக்கு சார். எப்படித் தோத்தான்கிறதுதான் மேட்ச்" என்றார்.

நான் எல்லாரும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு நடத்துகிற நாடகந்தானே அது?

"நாடகம்னா என்ன சார் குறைச்சல்? வள்ளி திருமணம் பாக்கறோம். வள்ளி கடைசியில யாரைக் கட்டிக்கிடுவான்னு தெரியாமயா விடிய விடிய ஒக்காந்திருக்கோம்?"

இதைவிட நல்ல பதிலை எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொன்னதில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய அந்த நாடகத்தை மதுரை, திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் 'ஸ்பெஷல்' நாடகமாக நடத்துவார்கள். வள்ளி ஓர் ஊரிலிருந்து வருவாள். நாரதர் இன்னோர் ஊரிலிருந்து வருவார். ஒத்திகை கிடையாது. கதையின் முடிவு இருவருக்கும் தெரியும்; நடுவில் நடக்கும் தர்க்கம் மட்டும் அன்றைய ஜனங்களின் முகத்தைப் பார்த்து நீளும், சுருங்கும். மல்யுத்தக் கோதாவிலும் பெரும்பாலும் இதுதான் கதை. யார் விழ வேண்டும் என்பது முன்பே முடிவாகியிருக்கும். கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, அடுத்தது என்ன என்று ஒருவன் காதில் மற்றவன் கிசுகிசுப்பான். நாம் அதைக் குரல்வளை நெரிப்பு என்று நினைத்துக் கொதித்துக்கொண்டிருப்போம்.

உண்மையான குஸ்தி எப்படி இருக்கும் என்பதற்கும் சரித்திரத்தில் சாட்சி உண்டு. 1910ஆம் வருஷம் லண்டனில் நம் காமா பயில்வானும் போலந்துக்காரரான ஸ்பிஸ்கோவும் மோதினார்கள். ஸ்பிஸ்கோ பாயோடு பாயாகக் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் அவரைப் புரட்ட முடியவில்லை. சமம் என்று அறிவித்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். 1928இல் பாட்டியாலாவில் மறுபடி சந்தித்தபோது ஒரு நிமிஷத்துக்குள் காமா அவரை வீழ்த்திவிட்டார். ஒரு தடவை ஜனங்களுக்குத் தூக்கம் வந்திருக்கும். இன்னொரு தடவை உட்காருவதற்குள் முடிந்திருக்கும். டிக்கெட் விற்கிறவன் கதி என்ன ஆவது? நாடகம் பிறந்ததற்கு இந்தக் கஷ்டமே முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

எனினும் நண்பரின் வாதத்தை நான் முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை. வள்ளி திருமணத்தின் சுவரொட்டியில் 'நாடகம்' என்று போட்டிருக்கும். மல்யுத்தத்தின் சுவரொட்டியில் 'போட்டி' என்றல்லவா போட்டார்கள்? தாராசிங்கும் கிங்காங்கும் 1950களில் நாடெங்கும் மோதியபோது, 'இன்று எவன் பிழைப்பான்?' என்ற கவலையோடு காசு கொடுத்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். பஞ்சாபில் பிறந்து சிங்கப்பூரில் தொழில் பழகியவர் தாராசிங். கிங்காங் ஹங்கேரியில் பிறந்த எமில் ஸாயா என்பவர், மலை போன்ற உடம்பு. ஒருவர் நல்லவர், மற்றவர் முரடர். பின்னாளில் டெலிவிஷன் ராமாயணத்தில் தாராசிங் அனுமாராக வந்தபோது வீட்டிலேயே கைகூப்பியவர்கள் உண்டு. கிங்காங் 1970இல் மலேயாவில் கார் விபத்தில் அடிபட்டு இறந்தார். அவருக்கு நம் பாஷையில் கிடைத்த ஸ்தானம், பருத்த மனிதர்களைக் கேலி செய்ய ஒரு பட்டப்பெயர்.

அமெரிக்காவிலும் இந்தப் பாசாங்கை வெகு காலம் கட்டிக் காத்தார்கள். கோதாவில் பகைவர்களானவர்கள் வெளியிலும் ஒரே காரில் போகக் கூடாது என்று கட்டுப்பாடு. 1984 டிசம்பரில் ஒரு டெலிவிஷன் நிருபர், "இது போலிதானே?" என்று நேரில் கேட்டதற்கு, டேவிட் ஷுல்ட்ஸ் என்ற பயில்வான் அவரைக் காதோடு சேர்த்து இரண்டு அறை விட்டார். நியாயத்தை நிலைநாட்ட அதுவும் ஒரு வழி! கடைசியில் 1989இல், நியூ ஜெர்சி சட்டசபையின் முன்னால், இது பொழுதுபோக்குத்தான், போட்டியல்ல என்று கம்பெனிக்காரர்களே ஒப்புக்கொண்டார்கள். மனசாட்சி உறுத்தியதால் அல்ல. போட்டி என்றால் சர்க்காரின் மேற்பார்வை, வரி, கட்டணம். சத்தியம் சில சமயம் கணக்குப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வருகிறது. வேடிக்கை என்னவென்றால், அதன்பிறகும் கூட்டம் குறையவில்லை.

குறையாத காரணத்தை யோசித்தால், நண்பர் சொன்ன 'எப்படித் தோத்தான்' என்பதற்கே வந்து நிற்க வேண்டியிருக்கிறது. 1987இல் அமெரிக்காவில் பான்டியாக் என்ற ஊரில் ஹல்க் ஹோகன், ஆந்த்ரே என்ற ராட்சத மனிதரைத் தூக்கி எறிந்து ஜெயித்தார். தொண்ணூறாயிரம் பேருக்கு மேல் பார்த்தார்கள் என்று அறிவித்தார்கள்; அந்தக் கணக்கிலேயே கொஞ்சம் மல்யுத்தம் உண்டு என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆந்த்ரேயின் எடை 500 பவுண்டுக்கு மேல் என்று விளம்பரம். அதற்கு முந்திய வருஷந்தான் முதுகில் ஆபரேஷன் நடந்திருந்தது. அவ்வளவு கனமான உடம்பை, அந்த உடம்புக்காரன் சம்மதமில்லாமல் எந்த மனிதனாலும் தலைக்குமேல் புரட்ட முடியாது. நோகிற முதுகோடு அவர் சம்மதித்தார். மறுநாள் முதல் உலகமெல்லாம் ஹோகனின் பலத்தைப் பேசியது.

இதற்குப் பெயர் என்ன? பொய்யா, தானமா? கூலி வாங்கிக்கொண்டு செய்ததுதானே என்று சிலர் சொல்லக்கூடும். வாஸ்தவம். ஆனால் கூலி வாங்கித் தோற்றவர்கள் வேறு ரகத்திலும் உண்டு. 2000ஆம் வருஷம் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் தலைவர் ஹான்சி குரோன்யே சூதாட்டத் தரகர்களிடம் பணம் வாங்கியது அம்பலமாகி, ஆயுள் முழுவதும் ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டார். அவரைக் கண்டித்த நாம் ஆந்த்ரேயை ஏன் கண்டிக்கவில்லை? இரண்டும் முன்பே பேசிய ஆட்டங்கள் அல்லவா?

வித்தியாசம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. விலை போன ஆட்டக்காரன் கூட ஆடுகிறவனை ஏமாற்றுகிறான். எதிரே உயிரைக் கொடுத்துப் பந்து வீசுகிறவன் முட்டாளாகிறான். மல்யுத்தக்காரனோ எதிராளியோடு சேர்ந்து தோற்கிறான். அவன் கழுத்தும் முதுகெலும்பும் எதிராளியின் கையில் இருக்கின்றன; எதிராளியுடையது இவன் கையில். விரோதிகளாக நடிக்கும் இருவருக்கிடையே அந்தக் கால்மணி நேரம் இருக்கிற நம்பிக்கை, ஒரே வீட்டில் இருபது வருஷம் குடித்தனம் செய்கிற பலரிடம் இல்லை.

அந்த நம்பிக்கை தவறிப்போன ஒரு சண்டையைத்தான் நண்பர் தாம் பார்த்தவற்றிலெல்லாம் பெரியது என்று வைத்திருக்கிறார். 1997 ஆகஸ்டு 3, நியூ ஜெர்சி. ஓவன் ஹார்ட் என்பவர் ஸ்டீவ் ஆஸ்டினைத் தலைகீழாகத் தூக்கி உட்கார்ந்தபடி இறக்கினார். தலை பாயில் படக் கூடாது; பட்டுவிட்டது. ஆஸ்டினுக்குக் கை கால் மரத்துப் போயின. பேசிவைத்த ஏற்பாட்டின்படி ஜெயிக்க வேண்டியவர் அவர்தான்! ஓவன் என்ன செய்தார்? கூட்டத்தைப் பார்த்துக் கேலி பேசி, அங்குமிங்கும் நடந்து நேரத்தைக் கடத்தினார். ஜனங்கள் அதைத் திமிர் என்று எண்ணிக் கூச்சலிட்டார்கள். கீழே கிடந்தவனுக்கு மூச்சு விட அவகாசம் கொடுக்கிறான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆஸ்டின் தவழ்ந்து வந்து, குழந்தை இழுப்பது போல் அவரைக் கவிழ்த்தார். ஓவன் அசையாமல் மூன்று எண்ணும் வரை கிடந்தார். நிஜத்தில் ஜெயித்திருந்தவர், பேச்சுப்படி தோற்றார்.

"அந்த மூணு எண்ணிக்கைதான் சார் மேட்ச்" என்றார் நண்பர்.

பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த், 1957இல் வெளியான தம் நூலில், மல்யுத்தம் விளையாட்டல்ல, ஒரு காட்சி. அங்கே வேதனை நிஜமா என்று ஜனங்கள் கேட்பதில்லை என்ற கருத்தில் எழுதினார். அழகான கட்டுரை. ஆனால் ஜனங்கள் கேட்காமல் இருந்துவிடலாமா என்ற இடத்தில் எனக்கு அவரோடு சண்டை.

ஏனென்றால், அதே ஓவன் ஹார்ட் 1999 மே 23 அன்று கான்சாஸ் சிட்டியில் இறந்துபோனார். கோமாளித்தனமான ஒரு வீரனின் வேஷம், நீல முகமூடி. கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி, கோதாவுக்குச் சற்று மேலே வந்ததும் கொக்கியைத் தானே கழற்றிக்கொண்டு குப்புற விழ வேண்டும். ஜனங்கள் சிரிக்க வேண்டும். அதற்காகச் சட்டென்று கழன்றுகொள்ளும் கொக்கியை மாட்டியிருந்தார்கள். அது உச்சியிலேயே கழன்றுகொண்டது. 70 அடிக்கும் மேலான உயரம். மண்டபத்தில் இருந்தவர்களில் பலர் பொம்மை விழுந்தது என்று நினைத்தார்கள். டெலிவிஷனில் வர்ணனை செய்தவர், இது ஆட்டத்தின் பகுதியல்ல என்று வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் சொன்னார். பிறகு மரணத்தையும் அறிவித்தார். மண்டபத்தில் யாரும் சொல்லவில்லை. அடுத்த சண்டைக்கு மணி அடித்தார்கள். கடைசி வரை ஆட்டம் நடந்தது, கைதட்டலும் நடந்தது.

"அடுத்து எறங்கினவங்களைக் குத்தம் சொல்லாதீங்க சார்" என்றார் நண்பர். "வீட்டுல சாவுன்னு சேதி வந்தும் வேஷத்தைக் கலைக்காம விடியவரைக்கும் ஆடினவங்க நம்ம நாடகத்திலயும் உண்டு."

அவர்களை நான் குற்றம் சொல்லவில்லை. தன் துக்கத்தை விழுங்கிக்கொண்டு ஆடக் கலைஞனுக்கு உரிமை உண்டு. அவன் துக்கம் அவனுடையது. இன்னொருவன் மரணத்தை மறைத்து ஆட்டத்தை நடத்த முதலாளிக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது? யார் ஜெயிப்பார்கள் என்பதை ஜனங்களிடம் மறைக்கலாம். அதற்காகத்தான் அவர்கள் காசு கொடுத்தார்கள். ஒரு மனிதன் விழுந்து இறந்தான் என்பதை மறைக்க அவர்கள் காசு கொடுக்கவில்லை. சொல்லியிருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். பாதிப் பேர் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள். தாங்கள் எந்தப் பாதி என்று தெரிந்துகொள்ளக்கூட அவர்களுக்கு இடம் கொடுக்கவில்லை.

நண்பர் இதை ஏற்கவில்லை. அந்த ராத்திரி கம்பெனிக்காரனுக்கும் மூளை கலங்கித்தான் இருந்திருக்கும் என்பது அவர் கட்சி. இருக்கலாம். இருட்டிக்கொண்டு வந்தது, மழை விட்டபாடில்லை. அதன்பிறகும் மல்யுத்தம் பார்க்கிறீர்களா என்று கேட்டேன்.

"பாக்கறேன் சார். ஆனா ஒருத்தன் விழுந்தா, நடுவர் குனிஞ்சு அவன் கையைப் பிடிப்பார் பாருங்க, அங்கதான் கண்ணு போகும். இவன் திருப்பி அழுத்தினான்னா ஒண்ணுமில்லேன்னு அர்த்தம். நடுவர் ரெண்டு கையையும் தலைக்கு மேல பெருக்கல் குறி மாதிரி வச்சிட்டார்னா அடி நெசம். எம் மகன் சத்தம் போடுவான், 'அதெல்லாம் நடிப்புப்பா, கைதட்டுப்பா'ன்னு. விரல் அசையட்டும்டா, தட்டறேன்னு சொல்லுவேன்."