கேளாத கேள்வி

பழைய ஆட்டோமேட்டிக் கியர் காரை விற்க முனைந்த பங்கு நண்பர் ஒருவர், "கேட்டால் சொல்வேன், கேளாததையும் சொல்ல வேண்டுமா, சாமி?" என்றார். அவரது காரில் இன்ஜின் குளிர்ந்திருக்கையில் கியர் ஒழுங்காக மாறும். சூடேறினால் எண்ணெய் இளகி, தேய்ந்த சீல்கள் வழியே கசிந்து, அழுத்தம் குறையும். இரைச்சல் ஏறும், வேகம் ஏறாது. சிவந்திருக்க வேண்டிய எண்ணெய் கருத்துக் கருகல் வாடை வீசும். விற்குமுன் எண்ணெயை மாற்றிவிட்டால் அந்தச் சான்றும் மறையும்.

ஒற்றைக்கண் குதிரையின் குறை வெளிப்படையானது. விலையைத் தக்கபடி குறைத்தால் அதைச் சொல்லாதிருக்கலாம் என்றார் 13ஆம் நூற்றாண்டின் புனித தாமஸ் அக்குவினாஸ். ஆனால் மறைந்த குறையால் வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ நேருமெனில் சொல்லியே ஆகவேண்டும் என்பது அவர் தீர்ப்பு. லாரியை முந்தும் வேளையில் கார் தயங்கினால் போவது ஓர் உயிரன்றோ?

"சூடேறும்வரை ஓட்டிக் காட்டிவிட்டு விலை பேசுங்கள்" என்றேன். கேளாத கேள்விக்கும் விடையளிப்பதே பிறரன்பு.