இரண்டு மாதத்துக்கு வந்தவள்

தென்காசிப் பக்கத்துக் கிராமங்களில் தாய்-சேய் நலப் பணிக்குத் தொண்டராக வந்த முதல் வாரமே, ஒரு பெண்ணிடம் பீடி சுற்றுவதை நிறுத்தச் சொன்னேன். அவளுக்கு ஏழாம் மாதம். வயிறு இடித்ததால் சொளவை மடியில் வைக்க முடியாமல் முழங்கால்மேல் சாய்த்திருந்தாள். புகையிலைத் தூள் மூச்சிலும் தோலிலும் உள்ளே போகும், பிள்ளையின் எடை குறையலாம் என்றேன். லண்டனில் இருபது வருஷம் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள் நான். சொன்னதில் தப்பில்லை.

அவள் கை நிற்கவில்லை. “நிறுத்திருதேன்க்கா. கடைக் கணக்க யாரு முடிப்பா, நீங்களா?”

கூட வந்த நர்ஸம்மா சிரித்துவிட்டார். கடையில் இலையும் தூளும் வாங்கி வந்தால் கட்டாகத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். விடாமல், முத்துலட்சுமி ரெட்டி பெயரில் அரசு கொடுக்கும் 18,000 ரூபாய் உண்டே என்றேன். “அது தவணையிலதான வரும். சோறு அன்னன்னைக்கில்லா பொங்கணும்?”

அன்றைக்குக் குற்றாலத்தில் நல்ல சாரல். அறை ஜன்னலிலிருந்து பார்த்தால், தலையில் துண்டோடு அருவிக்குப் போகிற கூட்டம். சீசனுக்கு வருகிறவர்கள் குளித்துவிட்டு, நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். என் பெட்டியிலும் திரும்பும் டிக்கெட் இருந்தது. உண்மையாகவே இருந்தாலும், கேட்பவள் மட்டும் விலை கொடுக்க வேண்டிய ஒரு யோசனையைச் சொல்ல எனக்கு என்ன பாத்தியதை?

தாய்நலப் பணிக்கு வருகிறவர்களுக்கு ஐடா ஸ்கடர் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்கள். 1890களில், திண்டிவனத்தில் ஓர் இரவு. மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்க ஐடாவைக் கூப்பிட்டார்கள். டாக்டரான அவருடைய அப்பா வருவதாகச் சொன்னார்; ஆண் என்பதால் மூவரும் மறுத்தார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா போய்ப் படித்து, 1899இல் டாக்டராகி, வேலூருக்கு வந்தார். நான் கேட்ட எந்த வடிவத்திலும் அந்த மூன்று பெண்களுக்குப் பெயர் இல்லை. ஒருத்தியின் லட்சியத்துக்கு முன்னுரையாக மூன்று சாவு என்பது எனக்கு எப்போதுமே உறுத்தும். ஆனால் அவர் 1918இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார் என்பதைக் கதை சொல்கிறவர்கள் கடைசியில் அவசரமாகச் சொல்லி முடிக்கிறார்கள். அவர் ஊரில் இல்லாத ராத்திரியிலும் கதவு தட்டினால் எழுந்து போக ஒருத்தி வேண்டுமே.

மறுவாரம் போனபோது அந்தப் பெண் திண்ணையில் ஈர இலையைத் தகடு வைத்து வெட்டிக்கொண்டிருந்தாள். தூளும் சொளவும் நாத்தனாரிடம். கணக்கு இவள் பெயரிலேயே ஓடியது. நர்ஸம்மாவின் ஏற்பாடு. அந்த நாத்தனாரின் இரண்டு பிரசவத்துக்கும் அவர்தான் அலைந்தவர். அவர் சொன்னால் தட்டமுடியாது. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதே என்று சொல்கிற வேலை எனக்குக் கிடைத்தது. ஒழுங்காகச் செய்தேன்.

கிளம்பும்போது அவள் கேட்டாள், “பிள்ள பொறக்கையில இருப்பியளாக்கா?”

அவள் தேதிக்கு மூன்று வாரம் முன்பே என் டிக்கெட். நர்ஸம்மாவைக் காட்டி, “அவங்க இருப்பாங்க” என்றேன்.

“அது தெரியும். நான் உங்களத்தான கேட்டேன்?”