அருகில் உள்ள வளாகம், தொலைவில் கிடைக்கும் இடம்

கலிபோர்னியாவின் பொதுப் பல்கலைக்கழகங்களில் யாருக்கு இடம் என்ற கேள்விக்கு 1960ஆம் ஆண்டிலேயே ஒரு விடை எழுதப்பட்டது. அப்போதைய கலிபோர்னியா பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர் முன்னின்று உருவாக்கிய உயர்கல்விப் பெருந்திட்டம், பள்ளி முடிப்போரை மூன்று அடுக்குகளாகக் கண்டது. தேர்ச்சி வரிசையில் முதல் எட்டில் ஒரு பங்கினர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு உரியவர்கள். முதல் மூன்றில் ஒரு பங்கினர், இன்று கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் என வழங்கும் அமைப்புக்கு உரியவர்கள். படிக்க விரும்பும் எஞ்சிய அனைவருக்கும் சமுதாயக் கல்லூரிகள். இரண்டு பெயர்களும் ஒன்றுபோல் ஒலிப்பதால் ஒரு குறிப்பு. முதலாவது, பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் போன்ற ஆராய்ச்சி வளாகங்களைக் கொண்டது. இரண்டாவது, மாநிலமெங்கும் நெடுங்காலம் 23 வளாகங்களாகப் பரவியிருந்த பேரமைப்பு. இங்கே பேசப்போவது பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றி.

அந்தத் திட்டம் தந்த உறுதியின் அளவை முதலில் சரியாகப் பார்க்க வேண்டும். தகுதி பெற்ற மாநிலத்தவருக்கு இந்த அமைப்பினுள் எங்கேனும் ஓர் இடம் உண்டு என்பதே அது. இன்ன ஊரில், இன்ன வளாகத்தில் என்று அது சொல்லவில்லை. ஆனால் விண்ணப்பிக்கும் மாணவர் முன்னால் நிற்பது அமைப்பு அன்று, ஒரு குறிப்பிட்ட வளாகம். சொன்னவர் ஒன்றை எண்ணிச் சொல்ல, கேட்டவர் வேறொன்றை எண்ணிக் கேட்ட இந்த இடைவெளியில்தான் பிற்காலச் சிக்கல்கள் அனைத்தும் முளைத்தன.

அடுத்து, தகுதி வேறு, தேர்வு வேறு என்பதைப் பிரித்தறிய வேண்டும். பள்ளியில் குறித்த 15 பாடங்களை முடித்து, குறைந்தபட்சத் தரப்புள்ளியை எட்டியவர் தகுதி பெற்றவர். 2022இல் எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. நுழைவுத் தேர்வுகளை இந்த அமைப்பின் அறங்காவலர் குழு கைவிட்ட பிறகு, மாநில மாணவருக்கு 2.5 தரப்புள்ளி இருந்தால் தகுதி உறுதி. முற்காலத்தில் பெரும்பாலான வளாகங்களில் தகுதியே சேர்க்கையாக இருந்தது. விண்ணப்பங்கள் பெருகி, மாநில அரசு நிதி தரும் மாணவர் எண்ணிக்கை அதற்கு ஈடாக உயராதபோது, தகுதிக்கும் சேர்க்கைக்கும் நடுவே தேர்வு என்ற கதவு வந்து நின்றது. கொள்ளளவு நிறைந்த வளாகம், இருக்கும் இடங்களுக்குத் தரவரிசை போட்டு, கட்-ஆஃப் வைக்கலாம். இதை நெரிசல் நிலை எனலாம். 2017 வாக்கில் சான் டியேகோ, லாங் பீச், ஃபுல்லர்ட்டன், சான் ஹோசே, ஃப்ரெஸ்னோ, சான் லூயிஸ் ஒபிஸ்போ ஆகிய ஆறு வளாகங்களில் எல்லாப் பாடப்பிரிவுகளுமே நெரிசல் நிலையில் இருந்தன. செவிலியர் பட்டப்படிப்போ, அதை நடத்தும் எந்த வளாகத்திலும் நெரிசலில்தான்.

கட்-ஆஃப் வந்ததும், உள்ளூர் மாணவரை என்ன செய்வது என்ற கேள்வி எழுகிறது. ஒவ்வொரு வளாகத்துக்கும் ஓர் உள்ளூர்ச் சேர்க்கைப் பகுதி வரையறுக்கப்பட்டிருக்கிறது. சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு அந்த எல்லை ஒரு சாலை: 56ஆம் எண் மாநில நெடுஞ்சாலை. அதற்குத் தெற்கே உள்ள பள்ளிகளில் படித்தவர்கள் உள்ளூர். வடக்கே படித்தவர்களுக்கு உள்ளூர் வளாகம் சான் மார்கோஸ். கணக்கில் வருவது வீட்டு முகவரி அன்று, படித்து முடித்த பள்ளி. நீண்ட காலம், தெற்கே இருந்தவர்க்குக் குறைந்தபட்சத் தகுதியே போதுமானதாக இருந்தது. 2009இல், பொருளாதார வீழ்ச்சியால் மாநில நிதி வெட்டப்பட்ட வேளையில், அந்த உறுதியை விலக்கிக்கொள்வதாக அப்பல்கலைக்கழகம் அறிவித்தது. உள்ளூர் மாணவரும் இனித் தரவரிசையில் போட்டியிட வேண்டும் என்றது. சூலா விஸ்டா, நேஷனல் சிட்டி போன்ற தென்பகுதி ஊர்களின் பெற்றோரும் பள்ளி நிர்வாகிகளும் கொதித்தார்கள்.

அவர்கள் கொதித்ததில் நியாயம் உண்டு என்பது என் கருத்து. இந்தப் பல்கலைக்கழக அமைப்பின் மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான பெல் உதவித்தொகை பெறுவோர். பலர் வீட்டிலிருந்தே வகுப்புக்கு வந்து, வகுப்பு முடிந்து வேலைக்குப் போகிறவர்கள். 2019இல் ஆண்டுக் கல்விக் கட்டணம் 5,742 டாலர். ஏழை மாணவருக்கு அதை மாநில உதவித்தொகை பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். விடுதி வாடகையும் சாப்பாடும் அந்தக் கட்டணத்தைப் போல இரு மடங்குக்கும் மேல். அதை முழுதாக ஈடுகட்ட ஆளில்லை. வீட்டில் உறங்கி டிராலி ரயிலேறி வகுப்புக்குப் போகும் மாணவிக்கு அந்தச் செலவே இல்லை. அத்துடன் தம்பி தங்கையரைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது, பாட்டியை மருத்துவரிடம் கூட்டிப்போவது, மாலை நேர வேலை ஆகிய எதையும் அவள் கைவிட வேண்டியதில்லை. ஆகவே தூரம் என்பது கட்டணச் சீட்டில் அச்சாகாத ஒரு கட்டணம். உள்ளூர் முன்னுரிமையைச் சலுகை என்பதைவிட, இந்தக் கட்டணத்தை அரசு கணக்கில் எடுத்துக்கொள்வது என்பதே பொருந்தும்.

மறுதரப்பையும் கேட்க வேண்டும். தரவரிசையில் மேலே இருக்கும் வெளியூர் மாணவரைத் தாண்டி உள்ளூர் மாணவர் உள்ளே போகிறார் என்றால், வெளியூரார் தாம் பிறந்த இடத்துக்காகத் தண்டிக்கப்படுகிறார் அல்லவா என்பது அந்த வாதம். வீட்டு விலை உயர்ந்த பகுதியின் வளாகத்தில், உள்ளூர் முன்னுரிமை வசதியுள்ளவர்க்கே வேலியாகிவிடும் என்ற அச்சமும் உண்டு. இரண்டாவது வாதத்துக்கு வலு அதிகம். சான் டியேகோவில் எளியவர்களைக் காக்கும் விதி, வேறு ஊரில் எளியவர்களை விலக்கலாம். விதி ஒன்றாக இருந்தாலும் அதன் விளைவு ஊருக்கு ஊர் மாறும் என்பதை மறந்து, முன்னுரிமையை எங்கும் ஒரே அளவில் வைத்தால் நோக்கம் கெட்டுவிடும்.

2017ஆம் ஆண்டு வரவுசெலவுச் சட்டத்தில் மாநிலச் சட்டமன்றம் உள்ளூரார், வெளியூரார் ஆகிய இரு தரப்பின் கவலைகளையும் ஒரே மூச்சில் எழுதியது. நெரிசலான பாடப்பிரிவுகளில் உள்ளூர் மாணவர்க்கு முன்னுரிமை தர வேண்டும். தகுதியிருந்தும் விண்ணப்பித்த எந்த வளாகத்திலும் இடம் கிடைக்காதவரை, இடமுள்ள வேறொரு வளாகத்துக்குத் திருப்பிவிட வேண்டும். அறங்காவலர் குழு 2018 மார்ச்சில் இதற்கான கொள்கையை ஏற்றது. 2019 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து திருப்பிவிடுதல் நடைமுறைக்கு வந்தது. ஒன்று உள்ளே வருவோர்க்கான விதி, மற்றது வெளியே நிற்போர்க்கான விதி. முதலாவதால் வெளியே தள்ளப்படுவோரை இரண்டாவது ஏந்திக்கொள்ளும் என்பது ஏற்பாடு.

காகிதத்தில் இது நிறைவானது. திருப்பிவிடப்பட்ட மாணவருக்கு ஓர் அறிவிப்பு வரும். இடமுள்ள வளாகங்களின் பட்டியலில் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என இரண்டைக் குறித்து அனுப்ப வேண்டும். பட்டியலில் ஹம்போல்ட் இருக்கும். சான் டியேகோவிலிருந்து அது ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், மாநிலத்தின் வடகோடியில், ரெட்வுட் மரக் காடுகளுக்கு நடுவே இருக்கிறது. ஸ்டானிஸ்லாஸ் இருக்கும், சொனோமா இருக்கும். எல்லா வளாகங்களும் மறுத்த பிறகே இந்த அறிவிப்பு வரும் என்பதால், மாணவர் அதற்குள் வேறு கல்லூரியை மனத்தில் முடிவு செய்திருப்பார். செவிலியராக விரும்பியவருக்குக் கிடைக்கும் இடத்தில் செவிலியர் படிப்பு கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. இப்படித் திருப்பிவிடப்பட்ட ஆயிரக்கணக்கானோரில் மிகச் சிறிய பங்கினரே அங்கு போய்ச் சேர்ந்தார்கள். இதில் வியக்க ஒன்றுமில்லை. உள்ளூர் முன்னுரிமையை எழுதும்போது தூரத்தை மதித்த அதே சட்டம், திருப்பிவிடுதலை எழுதும்போது தூரத்தை மறந்துவிட்டது.

மூத்த அமைப்பான கலிபோர்னியா பல்கலைக்கழகமும் இதே பாதையில் நடந்து பார்த்தது. தத்தம் பள்ளியில் முதல் 9 விழுக்காட்டினுள் வந்தும் விரும்பிய வளாகம் கிடைக்காதவருக்கு, 2005இல் திறக்கப்பட்ட மெர்செட் வளாகத்தில் இடம் தர முன்வந்தது. அங்கும் ஏற்றவர்கள் சொற்பமே. டெக்ஸாஸ் பல்கலைக்கழக அமைப்பு வேறு வழியைக் கண்டது. ஆஸ்டின் வளாகத்தில் இடம் கிடைக்காத மாநில மாணவர், அதே அமைப்பின் வேறொரு வளாகத்தில் ஓராண்டு படித்து, 30 கிரெடிட்டுகளை 3.2 தரப்புள்ளியுடன் முடித்தால் ஆஸ்டினுக்கு வரலாம். எல்லாப் பிரிவுகளும் அவருக்குத் திறக்காது. ஆயினும் விரும்பிய இடத்துக்குத் திரும்பும் வழி ஒன்று எழுத்தில் இருக்கிறது. அனுப்பிவைப்பதற்கும், சுற்றி வரச் சொல்வதற்கும் உள்ள இந்த வேறுபாடு பெரிது. முன்னதில் மறுப்பு முடிவு. பின்னதில் மறுப்பு ஒரு தவணை.

கலிபோர்னியா பிறகு செய்த திருத்தம் காலத்தைப் பற்றியது. ரிவர்சைடு மாவட்டத்தில் சோதனையாகத் தொடங்கி, 2025ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாநிலம் முழுதும் விரிவாக்கப்பட்ட நேரடிச் சேர்க்கையில், தகுதியுள்ள மாணவர் விண்ணப்பிக்கும் முன்பே பல்கலைக்கழகம் அவருக்கு இடம் இருப்பதாகக் கடிதம் எழுதுகிறது. மறுப்புக்குப் பின் வந்த வாய்ப்பு, மறுப்புக்கு முன்னதாக வருகிறது. இது உண்மையான முன்னேற்றம் என்றே கருதுகிறேன். ஆயினும் அந்தப் பட்டியலில் 16 வளாகங்களே உள்ளன. நெரிசல் மிகுந்த சான் டியேகோவும் லாங் பீச்சும் அதில் இல்லை.

இதற்கும் அடியில் ஒரு கேள்வி உண்டு. மாணவரை இடம் இருக்கும் ஊருக்கு நகர்த்துவதா, இடங்களை மாணவர் இருக்கும் ஊருக்கு நகர்த்துவதா? 2023 தொடக்கத்தில் மாநிலப் பல்கலைக்கழக நிர்வாகம் இரண்டாவதை நோக்கி ஓர் அடி வைத்தது. சேர்க்கை இலக்கை எட்டாத வளாகங்களின் நிதியில் ஒரு பகுதியை, இலக்கைத் தாண்டிய வளாகங்களுக்கு மாற்றித் தரும் திட்டம் அது. சூலா விஸ்டா மாணவிக்கு ஹம்போல்ட்டில் ஓர் இடம் காட்டுவதைவிட, சான் டியேகோவில் ஓர் இருக்கையைக் கூட்டுவதே முறை என்ற நோக்கில் இது சரியானது.

ஆனால் சொனோமாவைப் பாருங்கள். மாணவர் குறைந்து, நிதி குறைந்து, 2025 ஜனவரியில் அது சில துறைகளை மூடுவதாகவும் விளையாட்டு அணிகள் அனைத்தையும் கலைப்பதாகவும் அறிவித்தது. அங்கும் வீட்டிலிருந்து வகுப்புக்கு வரும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அதுவே அருகில் உள்ள வளாகம். தெற்கே ஓர் உள்ளூர் மாணவரின் உரிமையைக் காக்கும் பணம், வடக்கே இன்னோர் உள்ளூர் மாணவரின் துறையிலிருந்து எடுக்கப்பட்டால், தூரம் என்ற கட்டணம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கைமாறுகிறதே தவிர ஒழிவதில்லை. நெரிசல் வளாகங்களின் புதிய இடங்களுக்கு மாநிலம் புதிய பணம் ஒதுக்க வேண்டும். சிறிய வளாகங்கள், தம் பகுதி மாணவர்க்கு வேண்டிய அடிப்படைத் துறைகளையேனும் நடத்துமளவு நிதியை, சேர்க்கை எண்ணிக்கை எதுவாயினும் பெற வேண்டும். திருப்பிவிடுதலின் ஆண்டறிக்கையும் அனுப்பிய அறிவிப்புகளை எண்ணுவதோடு நிற்காமல், வகுப்பில் வந்து அமர்ந்தவர்களையும், அவர்கள் வீட்டுக்கும் வகுப்புக்கும் இடையே உள்ள கிலோமீட்டரையும் சேர்த்தே எண்ண வேண்டும்.