காலில் விழுந்தோம், பாதத்தைப் பார்த்தோமா?

போன தீபாவளிக்குச் செமினியில் இருக்கும் பாட்டி வீட்டில் கூடினோம். வழக்கம்போல வரிசையாகப் பாட்டியின் காலில் விழுந்து ஆசி வாங்கினோம். தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் சீவி நடந்த கால்கள் அவை.

அன்று மத்தியானம்தான் பாட்டியின் இடுப்பில், பாவாடை நாடா இறுக்கும் இடத்தில், ஒரு புண் இருப்பதை அம்மா பார்த்தார்.

"ரெண்டு வருஷமா இருக்குதும்மா. நாடா உரசுன புண்ணுதான். உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு சொல்லல."

தோல் புற்றுநோயாக இருக்குமோ என்று அம்மா பயந்தார். "நமக்குக் கருப்புத் தோலு, அதெல்லாம் வெள்ளைக்காரனுக்குத்தான் வரும்" என்றார் மாமா. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

அது பாதி உண்மைதான். நம் தோலில் உள்ள மெலனின் வெயிலின் புற ஊதாக் கதிரை ஓரளவு தடுக்கிறது. ஆனால் எல்லாத் தோல் புற்றுநோயும் வெயிலால் வருவதில்லை. வேட்டி இறுகும் இடுப்பில் வரும் புற்றுநோயைப் பற்றி 1945-லேயே இந்திய மருத்துவர்கள் கனோல்கரும் சூர்யாபாயும் எழுதினார்கள். பிறகு சேலை கட்டும் பெண்களிடமும் அது காணப்பட்டது. ஒரே இடம் பல வருஷம் உரசி, ஆறாத புண்ணாகி, அரிதாகச் சிலருக்குப் புற்றாக மாறுகிறது. பழைய தீக்காயத் தழும்பிலும் வரலாம். கருமையான தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி போன்ற இடங்களில் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால்விரல் நகத்தடியில்தான் கண்டுபிடித்தார்கள். 1981-இல், 36 வயதில் இறந்தார்.

சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்து மருந்து சாப்பிடுகிறவர்கள், குடும்பத்தில் இந்நோய் வந்தவர்கள், நாள் முழுக்க வெயிலில் வேலை செய்கிறவர்கள் என ஆளுக்கு ஆள் ஆபத்து வேறுபடும். நம்முடையது எது என்று தெரிந்துகொள்வது நம் கடமையா?

"எல்லாம் தலைவிதி" என்பார்கள் சிலர். ஆனால் கர்மா என்பது முன்வினை மட்டுமா? இன்று நாம் செய்வதும், செய்யாமல் விடுவதும் வினைதானே! உடம்பை இறைவன் குடியிருக்கும் கோயிலாகக் கண்டார் திருமூலர். கோயில் சுவரில் விரிசல் கண்டால் விதி என்று விட்டுவிடுவோமா?

பாட்டியின் மௌனத்தைப் பொறுமை, தியாகம் என்று நானே பெருமையாகப் பேசியிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால், நாங்கள் கேட்காததால்தான் அவர் சொல்லவில்லை. நம் முகம் ஒரு சுற்று கருத்தால் உடனே கிரீம் தேடுகிறோம். பெரியவர்கள் உடம்பில் ஒரு புண் ரெண்டு வருஷம் ஆறாமல் இருப்பது நமக்குத் தெரிவதில்லை. இது யார் குற்றம்?

அரசாங்க மருத்துவமனையில் சிறு துண்டு சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் இல்லை. இப்போது நாடா தளர்ந்திருக்கிறது, புண்ணும் ஆறி வருகிறது. முடிவுக்காகக் காத்திருந்த அந்த நாள்களை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

இளைஞர்களே, பயப்படச் சொல்லவில்லை. ஒரு மாதமாகியும் ஆறாத புண், புதிதாக வந்த அல்லது மாறிக்கொண்டே வரும் கரும்புள்ளி, நகத்தில் கருங்கோடு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். வரும் பொங்கலுக்குப் பாட்டி தாத்தா காலில் விழுந்ததும் உடனே எழுந்து ஓடிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பாதத்தை மடியில் வைத்து, ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.