யாரைக் கீறலாம்?

நெடுந்தீவில் நான் கற்பிக்கும் பாடசாலையில், ஒரு வியாழக்கிழமை, எட்டாம் தர மாணவன் ஒருவனுடைய தமிழ்க் கொப்பியின் கடைசித் தாளில் என்னைக் கண்டேன். தொப்பி, தாடி, முன்னுக்குச் சற்றுச் சாய்ந்த நடை. தோளில் ஒரு சாக்கு. சாக்கின் வாயிலிருந்து வளைந்த இரும்பொன்று எட்டிப் பார்த்தது. கீழே பெயர் எழுதப்படவில்லை. எழுதத் தேவையுமிருக்கவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு வெளியேயுள்ள வாசகர்களுக்கு அந்தச் சாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எங்களில் ஒரு பகுதியினர் 2009இன் பின்னர் திரும்பி வந்தபோது கடையுமில்லை, முதலுமில்லை. பலர் வீடு வீடாகச் சென்று பழைய இரும்பு வாங்கி விற்றுப் பிழைத்தார்கள். என் மாமாவும் அதைத்தான் செய்தார். நாணயமான தொழில்தான். ஆனால், 'பழைய இரும்பு' என்பது சில வாய்களில் தொழிலின் பெயராக இல்லாமல் ஆளின் பெயராகிவிட்டது. சந்தையில் அதைக் கேட்டிருக்கிறேன். வகுப்பறையில் கேட்டதில்லை. இப்போது கேட்கவில்லை, பார்த்தேன்.

படம் மோசமாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அது நல்ல படம். என் நடையை நாலு கோட்டில் பிடித்திருந்தான். கொப்பியை வாங்கி என் பைக்குள் வைத்தேன். அடிக்கவில்லை. ஆனால் அந்தப் பாடம் முடியும்வரை அவன் இருந்த பக்கம் நான் திரும்பவேயில்லை. வகுப்பு முழுவதும் அதைக் கவனித்தது.

இதில் என் பங்கும் உண்டு. இரண்டு கிழமைக்கு முன்னர்தான் 'சிரித்திரன்' பழைய இதழ்களிலிருந்து சில பக்கங்களைப் பிரதியெடுத்து வந்து காட்டி, கேலிச்சித்திரம் என்றால் என்னவென்று அவர்களுக்கு விளக்கியிருந்தேன். கரவெட்டியில் பிறந்த சி. சிவஞானசுந்தரம், பம்பாய்க்குப் படிக்கப் போய்க் கேலிச்சித்திரக்காரராகத் திரும்பியவர். அறுபதுகளில் தினகரனில் அவர் வரைந்த சவாரித்தம்பரும் சின்னக்குட்டியும் வீட்டு ஆட்களைப்போலப் பழகிப்போனார்கள். 'சிரித்திரன்' கொழும்பில் தொடங்கிப் பின்னர் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. சிரித்திரன் சுந்தர் என்றே அறியப்பட்ட அவர் 1996இல் காலமானார். இந்த மண்ணில் படம் கீறிச் சிரிக்கவைப்பதற்கு ஒரு மரபு உண்டென்றால் அதன் நடுவில் இருப்பவர் அவர்தான்.

சுந்தர் யாரைக் கீறினார்? சவாரித்தம்பர் யாழ்ப்பாணத்துக் கிராமத்தான். சாமர்த்தியமும் சின்னத்தனமும் ஒன்றாகக் கலந்த ஆள். மிஸிஸ் டாமோடிரன் நாகரிகம் தலைக்கேறிய நகரத்துச் சீமாட்டி. மைனர் மச்சானை எந்தச் சந்தியிலும் காணலாம். சீதனம், சாதித் தடிப்பு, அரசாங்க உத்தியோக மோகம் என்று தன் சமூகத்தின் உள்வீட்டுக் குப்பைகளையே அவர் கிண்டினார். வெளியாரைத் தேடிப் போகவில்லை. காலையில் அவர் கீறிய ஆளை மாலையில் சந்தையில் சந்திக்க வேண்டியிருந்தது. அவருடைய கோட்டில் உள்ள ஈரத்துக்கு அது ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

வகுப்பில் நான் சொன்னது இவ்வளவல்ல. எளிமையாக ஒரு விதி சொல்லிவிட்டேன். "உங்களுக்கு மேலே இருக்கிறவரைப் பார்த்துச் சிரியுங்கள், கீழே இருக்கிறவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்." ஆசிரியர்களுக்கு விதி சொல்லும் வியாதி உண்டு.

வெள்ளிக்கிழமை படகில் குறிகட்டுவானுக்குத் திரும்பும்போது அந்தத் தாளை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். என் விதிப்படி அவன் செய்தது சரியா, பிழையா? அவன் கடற்றொழிலாளியின் மகன். தகப்பனுக்குக் கடலில் போன நாளில்தான் காசு. நான் மாதச் சம்பளக்காரன், பிரம்பு வைத்திருக்கும் உரிமை தனக்குண்டென்று ஊர் நம்புகிற வாத்தியார். அவன் மேல்நோக்கித்தான் சிரித்திருக்கிறான். ஆனால் அந்தச் சாக்கு வாத்தியாரின் தோளில் இல்லை. திரும்பி வந்த ஒரு சோனகனின் தோளில் இருக்கிறது. அந்த ஆளுக்கு மேலே வகுப்பு முழுவதும் நிற்கிறது. ஒரே படம், ஒரே கோடு, இரண்டு திசை. என் விதி படகு கரைசேர முன்னரே உடைந்துபோயிற்று.

அல்ஹுஜுராத் சூராவின் 11ஆம் வசனம், ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதை விலக்குகிறது என்பது இவ்விதழின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே மேல் கீழ் பேசப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பரிகசிக்கப்படுகிறவர் உண்மையில் மேலானவராக இருக்கக்கூடும் என்றுதான் எச்சரிக்கப்படுகிறது. சிரிக்கிறவனுக்கு எதிரிலிருப்பவனைப் பற்றிப் போதிய அறிவு இல்லை என்பதே அதன் அடிப்படை என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

2005 செப்ரெம்பர் 30இல் டென்மார்க்கின் யுலாண்ட்ஸ் பொஸ்டன் பத்திரிகை அந்தப் பன்னிரண்டு சித்திரங்களை வெளியிட்டது. அவற்றின் எதிரொலி இங்கு வந்து சேர்ந்தபோது நான் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தேன். நாங்களும் ஊர்வலம் போனோம். என் கோபம் பொய்யல்ல; இன்றும் அதற்காக வெட்கப்படவில்லை. அந்தச் சித்திரங்களைக் கீறியவர்களுக்கு எங்கள் முகம் தெரியாது. நாங்கள் யாரும் அவர்களோடு ஒரே படகில் ஏறப்போவதில்லை. ஆனால் 2015 ஜனவரி 7இல் பாரிஸில் சார்லி எப்தோ பத்திரிகை அலுவலகத்தில் தொடங்கிய தாக்குதலில் பன்னிரண்டு பேர் கொல்லப்பட்டபோது, அவர்களில் ஒருவர் அஹ்மத் மெராபெத் என்ற முஸ்லிம் பொலிஸ்காரர் என்று வாசித்து வெகுநேரம் பேசாமல் இருந்தேன். கோட்டுக்குத் துப்பாக்கியால் பதில் சொல்லப் புறப்படுகிறவர்கள் யாருடைய மானத்தையும் காப்பாற்றவில்லை.

அப்படிப் பதில் சொன்னவர்களின் வரிசை நீளமானது. பலஸ்தீனரான நாஜி அல் அலி 1987 ஜூலையில் லண்டனில் சுடப்பட்டு ஓகஸ்டில் இறந்தார். அவர் படைத்த ஹன்தலா, வாசகருக்கு முதுகு காட்டி நிற்கும் பத்து வயதுச் சிறுவன். ஊரை இழந்தபோது நாஜிக்கிருந்த வயது அது. நானும் சோனகத் தெருவை விட்டுப் புத்தளத்துக்குப் போனபோது எனக்குப் பத்து வயது. ஹன்தலாவைப் பார்க்கும்போதெல்லாம் அவனுடைய முகம் எனக்குத் தெரியும் என்றே தோன்றும். எங்கள் நாட்டில் பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24இல், ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் இருக்கையில், காணாமலாக்கப்பட்டார். அவரும் கேலிச்சித்திரக்காரர். அவருடைய மனைவி சந்தியா நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிய ஆண்டுகளை எல்லோரும் அறிவர். யாழ்ப்பாணத்தில் 2006 மே 2ஆம் திகதி இரவு உதயன் அலுவலகத்துக்குள் ஆயுததாரிகள் புகுந்து ஊழியர் இருவரைக் கொன்றார்கள். இந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு வாத்தியார் பறித்தெடுத்த கொப்பியை வைப்பது மிகை என்று தெரியும். ஆனாலும் ஒரு பிள்ளை தன் கோட்டுக்குக் கிடைக்கும் முதல் பதிலை என்னிடந்தான் காண்கிறான். அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பதிலாக இருந்தது.

எனக்குத் துணைக்கு வந்தவர் தூரத்து ஆள் ஒருவர். ஜலீல் மம்மத்குலிசாதே. கோரி நகர ஆசிரியர் கலாசாலையில் பயின்று, ஏறத்தாழ பத்தாண்டு கிராமப் பாடசாலைகளில் படிப்பித்தவர். 1906இல் திபிலிசியிலிருந்து 'முல்லா நஸ்ருத்தீன்' என்ற அசர்பைஜான் மொழி வார இதழைத் தொடங்கினார். தடைகளுக்கிடையே, ஊர் மாறி ஊர் மாறி, அது 1931 வரை வந்தது. வண்ணக் கேலிச்சித்திரங்கள்தான் அதன் உயிர். எழுத வாசிக்கத் தெரியாதவரும் பார்த்துச் சிரித்தனர். பெண் பிள்ளைகளைப் படிக்க விடாதோர், மார்க்கத்தை வியாபாரமாக்கியோர், அதிகாரிகளுக்கு வால்பிடித்தோர் என்று தன் சொந்தச் சமூகத்தையே அது முன்னே நிறுத்தியது. அதற்காக அவர் மிரட்டப்பட்டார். அதன் சித்திரக்காரர்களில் முக்கியமானவரான ஒஸ்கார் ஷ்மெர்லிங் முஸ்லிம் அல்லர் என்பது என் எண்ணத்தைக் கொஞ்சம் சிக்கலாக்குகிறது. வெளியான் கையாலும் கீறலாம் போலிருக்கிறது, கூடவே உள்ளான் ஒருவன் நின்று பொறுப்பேற்றால்.

எங்களிடம் அப்படியொன்று ஏன் வரவில்லை? வெளியேற்றத்தைப் பற்றிக் கவிதை எழுதினோம், கதை எழுதினோம், எழுதத்தான் வேண்டும். ஆனால் அகதி முகாமில் வளர்ந்த எனக்குத் தெரியும், அங்கே பகிடி இருந்தது. நிவாரண அரிசியைப் பற்றி, தண்ணீர் வரிசையில் சண்டை பிடித்த ஹாஜியாரைப் பற்றி, கொட்டிலுக்குள்ளும் மகளுக்குச் சீதனம் பேசியவரைப் பற்றி வாப்பாவும் கூட்டாளிகளும் சிரிக்காத இரவில்லை. கையிலிருந்து கை மாறித் தாள் கிழிந்த முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவிக்கு எங்கள் முகாம் தலைவரின் பெயரை வைத்துச் சிரித்தது நாங்கள். அந்தச் சிரிப்பு எழுத்துக்கு வரவில்லை. பிறர் பார்க்க எங்களை நாங்களே சிரித்தால் பட்ட துயரம் சிறுத்துவிடும் என்று பயந்தோம் போலும். மாமாவின் சாக்கை முதலில் எங்களில் ஒருவன் கீறியிருந்தால், எட்டாம் தரப் பையன் கீறியது என்னை அப்படிச் சுட்டிருக்குமா?

ஒன்றாக வாழ்வதே போதுமென்றும் சொல்லமாட்டேன். 1990இல் நாங்கள் அயலவராகத்தான் இருந்தோம். கீறப்பட்டவன் 'இதை ஏன் கீறினாய்?' என்று கேட்கவும், கீறியவன் பயமில்லாமல் பதில் சொல்லவும் இடமிருக்க வேண்டும். அந்த இடம் இருக்கும்வரை எந்தப் படத்தையும் தாங்கிக்கொள்ளலாம் என்று இப்போதைக்கு நினைக்கிறேன்.

திங்கட்கிழமை இடைவேளையில் பையனைக் கூப்பிட்டுக் கொப்பியைக் கொடுத்தேன். படம் நல்லாயிருக்கிறது என்றேன். நம்பவில்லை. "அந்தச் சாக்கு என்ன?" என்று கேட்டேன்.

"நீங்கள் திங்கக்கிழமையில படகால இறங்கேக்க கொண்டு வாறனீங்களெல்லோ சேர், அந்தச் சாக்கு."

உண்மைதான். கிழமைக்கு வேண்டிய அரிசி, தேங்காய், புத்தகங்களை நான் சாக்கில்தான் கட்டிவருவேன்.

"அப்ப அந்த இரும்பு?"

"அது சைக்கிள் றிம், சேர்."

விடுதியிலிருக்கும் ஆசிரியர் ஒருவருக்காக எப்போதோ ஒரு றிம் கொண்டுவந்ததாக மங்கலான ஞாபகம். அது இந்தச் சாக்கிலா, இந்த ஆண்டிலா என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அவனுடைய முகத்தைப் பார்த்தேன். அவன் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். வாசலில் இரண்டு பெடியன்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

போகும்போது திரும்பி வந்து கேட்டான்:

"சேர், அப்ப அதிபரையும் கீறலாமோ?"

பிறகு சொல்கிறேன் என்று அனுப்பினேன். கேள்வி இன்னும் நிலுவையில் இருக்கிறது.