சொப்பும் விக்கிரகமும்

விக்கிரக ஆராதனையைப் பழிக்க விரும்புகிறவர்கள், சீர்திருத்தக்காரராயினும் சரி, முழு நாத்திகராயினும் சரி, பெரும்பாலும் ஒரே அஸ்திரத்தைத்தான் எடுக்கிறார்கள்: கல்லுக்குப் பட்டு உடுத்தி, சோறு காட்டி, ஊஞ்சலாட்டித் தூங்கவைப்பது பொம்மை விளையாட்டேயன்றி வேறென்ன என்று கேட்கிறார்கள். இதைக் கேட்டவுடன் பக்தர்களும் முகம் சிவந்து, எங்கள் வழிபாடு பொம்மை விளையாட்டு அல்லவே அல்ல என்று சாதிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பொம்மை விளையாட்டு அற்பமானது, பொய்யானது என்பதை இரு திறத்தாரும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டு, அதன் பிறகுதான் வாதத்தில் இறங்குகிறார்கள். எனக்கு இடறுவது அந்த உடன்பாடுதான். மூன்று நான்கு வயதுக் குழந்தை சொப்பு வைத்து விளையாடும்போது அதன் மனத்தில் நடப்பது என்ன என்று பாராதவர்கள், கோயிலில் நடப்பதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அவசரப்படுவது நியாயமாகாது.

மணலை அள்ளிச் சொப்புப் பானையில் போட்டு, இல்லாத அடுப்பில் ஏற்றி, இல்லாத நெருப்பை ஊதி, கொதிக்காத உலையைத் துழாவி, 'சுடும் தாத்தா, ஊதிச் சாப்பிடு' என்று பேத்தி நீட்டுகிறாள். தாத்தாவும் ஊதுகிறார், உதட்டருகே கொண்டுபோய்ச் சப்புக்கொட்டுகிறார். அவர் நிஜமாகவே மணலை வாயில் போடப் போனால் அவள் பதறிக் கையைத் தட்டிவிடுவாள். அது சோறு என்று சொன்னவளும் அவளே, சோறல்ல என்று தடுக்கிறவளும் அவளே. பொய் என்பது ஒன்றை மறைத்து இன்னொருவனை ஏமாற்றுவது. இங்கே மறைக்கப்பட்டதும் இல்லை, ஏமாந்தவரும் இல்லை. இரண்டு அறிவுகளை ஒரே கணத்தில், ஒன்று மற்றொன்றை அழித்துவிடாதபடி ஏந்திக்கொண்டிருக்கும் சக்தி ஒன்று அந்தச் சிறிய தலைக்குள் வேலை செய்கிறது.

திருமூலர் திருமந்திரத்தில் மர யானை ஒன்றை உவமையாக்கியிருக்கிறார். யானையாகக் காண்பவனுக்கு மரம் மறைந்துவிடுகிறது, மரமாகக் காண்பவனுக்கு யானை மறைந்துவிடுகிறது; அவ்வாறே பூதங்களாகிய உலகைக் காண்பவனுக்குப் பரம்பொருள் மறைந்திருக்கிறது என்பது அவர் கருத்து. தத்துவத்துக்கு அது பொருத்தமான உவமைதான். ஆனால் அந்த யானை யாருக்காகச் செய்யப்பட்டதோ அந்தக் குழந்தையை அவர் கேட்டிருந்தால் வேறொரு பதில் கிடைத்திருக்கும் என்று சற்றே துணிந்து சொல்லத் தோன்றுகிறது. மரத்தை மட்டும் காண்பவன் தச்சன். யானையை மட்டும் காண்பவன் பயந்து ஓடுகிறவன். குழந்தையோ யானைக்குக் கரும்பு கொடுத்துவிட்டு, அதன் வால் உடைந்தபோது பசை கேட்டுத் தகப்பனாரிடம் வருகிறது. அதற்கு மரமும் மறையவில்லை, யானையும் மறையவில்லை.

இந்த நிலையில் ஒரு தர்மமும் பிறக்கிறது. ருஷ்ய மனோதத்துவ அறிஞர் லெவ் வைகாட்ஸ்கி 1933இல் நிகழ்த்திய சொற்பொழிவொன்றில், விளையாட்டு என்றால் மனம்போனபடி நடப்பது என்னும் பொதுவான எண்ணத்தை மறுத்தார். மிட்டாயை மருந்தென்று வைத்துக்கொண்டு வைத்திய விளையாட்டு ஆடும் குழந்தை, வாயூறினாலும் அதை எடுத்துத் தின்பதில்லை. தின்றால் விளையாட்டுக் கெட்டுவிடும். பெரியவர்கள் அதட்டியும் வராத அடக்கம், யாரும் விதிக்காமல், தானே ஏற்ற வேஷத்தின் பொருட்டு வந்துவிடுகிறது. நம் ஆசார்யர்கள் நிக்கிரகம் என்று சொல்லும் குணத்தின் முதற் பாடம் உபதேசத்தில் அல்ல, விளையாட்டில்தான் நடக்கிறது போலும். அநுகரணம் செய்யும் கவிகளைத் தம் லட்சிய ராஜ்யத்திலிருந்து வெளியேற்றிய பிளேட்டோகூட, பிற்காலத்தில் எழுதிய 'சட்டங்கள்' என்ற நூலில், வீடு கட்டப்போகிறவன் சிறுவயதில் விளையாட்டு வீடு கட்டட்டும், அவனுக்குச் சிறிய கருவிகளைக் கொடுங்கள் என்று இறங்கிவந்தார்.

எதிர்க்கட்சியில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. 1907இல் ரோமாபுரியின் சான் லொரென்ஸோ பகுதியில் ஏழைக் குழந்தைகளுக்காக இல்லம் தொடங்கிய மரியா மாண்டிசோரி, அங்கே அழகிய பொம்மைகள் இருந்தும் குழந்தைகள் அவற்றை நாடாமல், நிஜமான வேலையையே விரும்பின என்று எழுதினார். கற்பனையில் அலையவிடுவதைக் காட்டிலும் யதார்த்தத்தில் ஊன்றச் செய்வதே குழந்தைக்குச் செய்யும் மரியாதை என்பது அவருடைய கொள்கை. 1939இல் பிரம்மஞான சபையார் அழைப்பின்பேரில் அடையாறுக்கு வந்து, யுத்தத்தினால் நம் நாட்டிலேயே பல ஆண்டுகள் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றிய அந்த அம்மையாரிடம் எனக்குப் பக்தி உண்டு. அவர் சொன்னதில் பாதியை அப்படியே ஏற்கிறேன்: நிஜக் கத்தியால் வெள்ளரிக்காய் நறுக்கக் கிடைத்த குழந்தைக்கு மரக் கத்தி சலித்துத்தான் போகும். ஆனால் நறுக்கிய வெள்ளரிக்காயை அக்குழந்தை அடுத்து யாருக்குப் பரிமாறுகிறது என்று பாருங்கள்; பெரும்பாலும் மரப்பாச்சிக்குத்தான்.

பாவனை விளையாட்டினால் மொழி வளரும், புத்தி கூர்மையாகும், படைப்பாற்றல் பெருகும் என்று பொம்மை விற்பவர்கள் அடுக்கும் பட்டியலுக்காக நான் வாதாடவில்லை. 2013இல் மனோதத்துவ அறிஞர் ஆஞ்சலின் லில்லார்டும் அவருடைய சகாக்களும் அதுவரை வந்த ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, அந்த நன்மைகளில் பலவற்றுக்குப் பாவனை விளையாட்டுத்தான் காரணம் என்று நிறுவப் போதிய ஆதாரமில்லை என்றே எழுதினார்கள். இருக்கட்டும். கணக்கில் இரண்டு மதிப்பெண் கூடுவதற்காக ஒருவன் அம்மா அப்பா விளையாட்டு ஆடவேண்டியதில்லை.

பொம்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. செம்மரத்தில் கடைந்த மரப்பாச்சிக்குக் கண் மூக்கு என்று பேருக்கு இரண்டு கீறல்கள் இருக்கும். அது சிரிப்பதில்லை, அழுவதில்லை. ஆகவே குழந்தைக்கு வேண்டும்போது சிரிக்கும், வேண்டும்போது அழும். இன்று பொத்தானை அமுக்கினால் பாடிக் கண்சிமிட்டும் பிளாஸ்டிக் பொம்மைகள் குழந்தையின் வேலையைத் தாமே செய்துவிடுவதால், குழந்தை வெறும் பார்வையாளனாகிச் சீக்கிரம் அலுத்துப்போகிறது. தச்சன் செய்த சிறுதேரில் ஏறிச் செல்ல முடியாவிட்டாலும் கையால் இழுத்தே இன்புறும் சிறுவர்களைக் குறுந்தொகைப் புலவர் ஒருவர் கண்டிருக்கிறார். ஏறிச் செல்ல முடிந்தால் அது வாகனமாகிவிடுமல்லவா?

சங்கப் பாடல்களில் இந்தப் பொருளுக்கு மிக ஆழமான சாட்சி நற்றிணையில் இருக்கிறது. தோழியரோடு விளையாடிய சிறுமிகள் புன்னை விதையொன்றை வெண்மணலில் அழுத்தி வைத்து மறந்துபோனார்கள். அது முளைத்தது. நெய்யும் பாலும் வார்த்து வளர்த்தார்கள். இது உங்களைவிடச் சிறந்தவள், உங்கள் உடன்பிறந்தவள் என்று தாய் சொல்லிவைத்தாள். பிற்காலத்தில் காதலன் வந்தபோது, அந்த மரத்தின் நிழலில் உன்னோடு சிரித்து விளையாட எங்களுக்கு நாணமாயிருக்கிறது என்று தோழி அவனிடம் சொல்கிறாள். மரம் மரமென்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் நாணுகிறாள். விளையாட்டில் ஏற்ற உறவு விளையாட்டு முடிந்த பிறகும் கடமையாக நின்றுவிட்டது. பிற உயிர்களிடம் நமக்குள்ள கடமைகளெல்லாம் இப்படி ஒரு பாவனையில் தொடங்கியவைதானோ என்று எனக்குச் சந்தேகம் வருவதுண்டு. அந்நியன் ஒருவனை 'அண்ணே' என்று அழைத்த மாத்திரத்தில் அவனை ஏமாற்றக் கை கூசுகிறதே.

இப்போது கோயிலுக்கு வருவோம். பெரியாழ்வார் தம்மை யசோதையாக வைத்துக்கொண்டு கண்ணனைத் தாலாட்டினார். பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் மணல்வீடு கட்டும் சிறுமியராகித் தெய்வத்திடம் எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே என்று மன்றாடினார்கள். இவர்கள் ஏமாந்தவர்கள் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? விநாயக சதுர்த்தியன்று களிமண்ணில் பிள்ளையாரை ஆவாஹனம் செய்து பூஜிக்கிறோம். பிறகு யதாஸ்தானத்துக்கு எழுந்தருளும்படி மந்திரம் சொல்லி வழியனுப்பிவிட்டு, மண்ணை நீரில் கரைக்கிறோம். வந்தவர் வேறு, மண் வேறு என்பது அந்தச் சடங்குக்கே தெரியும். தெரியாமற்போனவர்கள், கோயில் யானையின் நெற்றியில் இடவேண்டியது வடகலை நாமமா தென்கலை நாமமா என்று வழக்காடினவர்கள்தாம். அவர்களுக்கு மரமும் மறைந்தது, யானையும் மறைந்தது, நாமம் மட்டும் எஞ்சியது.

ஆனால் சொப்புக்கும் விக்கிரகத்துக்கும் வேற்றுமை ஒன்று உண்டு. அதை மழுப்பக் கூடாது. குழந்தை பொம்மையிடம் பதில் எதிர்பார்ப்பதில்லை. பொம்மையின் பதிலையும் குரலை மாற்றித் தானே சொல்லிக்கொள்கிறது. பக்தனோ எதிரே கேட்பவன் ஒருவன் உண்டென்று நம்பியே பேசுகிறான். விக்கிரகமாக எழுந்தருளும் அர்ச்சாவதாரத்தில் எம்பெருமான் தன் சுதந்திரத்தையெல்லாம் விட்டு, அர்ச்சகன் உண்ணச் செய்தபோது உண்டு, உறங்கச் செய்தபோது உறங்கி, அவனுக்கு அதீனனாகவே இருக்கிறான் என்று வைணவப் பெரியோர்கள் விளக்குகிறார்கள்; அதாவது, இங்கே பொம்மையாக இருக்க இசைந்தவன் அவன் என்கிறார்கள். அப்படி இசையக்கூடிய ஒருவன் உண்டா என்ற விசாரணை வேறு வழியில் நடக்கவேண்டியது. குழந்தையின் சொப்பைக் காட்டி அதை மறுக்கவும் முடியாது, நிரூபிக்கவும் முடியாது.